மூக்குக்கு வந்த சோதனை

ஒக்தாவ் தும்மினார். தும்மிய கையோடு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, மனைவி லூசெட்டின் காதில் விழவில்லை.

விழுந்திருந்தால் பத்தொன்பது வருஷ சுகம் அன்றோடு போயிருக்கும். ஒயினுக்குப் பேர்போன பர்கண்டியில் ஒரு சின்ன ஊர். அங்கே கூட்டுறவுச் சங்கத்து ஒயின்களை முகர்ந்து, சுவைத்து, விலைப்பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நாலு வரி வர்ணனை எழுதுகிறவர் ஒக்தாவ். சம்பளம் சொற்பம். ஆனால் அந்த வேலையைக் காட்டி வீட்டில் அவர் வாங்கி வைத்திருந்த சலுகைகள் கொஞ்சநஞ்சமல்ல. மூக்கு கெட்டுப்போகக் கூடாதாம். அதனால் வெங்காயம் உரிக்க மாட்டார். கழிவறை கழுவ மாட்டார். கொல்லையில் இருந்த பதினான்கு முயல்களின் கூண்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். வாராவாரம் புழுக்கை வாருவது லூசெட்தான். ஒயின் சுவைக்கும் வாரம் வந்துவிட்டால் வீட்டில் பூண்டுக்குத் தடை, காப்பிக்குத் தடை, லூசெட் பூசிக்கொள்ளும் சென்ட்டுக்கும் தடை.

"என் மூக்கு இந்தக் குடும்பத்தோட சொத்து, தெரிஞ்சுக்கோ," என்பார்.

"சொத்துன்னா ஒருநாள் வித்துத் தொலைச்சிடலாமே," என்பாள் லூசெட்.

அந்தச் சொத்து இப்போது மூன்று நாளாக அடைத்துக் கிடந்தது. சங்கத் தலைவர் பெரினோ பதினொரு மணிக்கு வருகிறார். அதற்குள் மூன்று ஒயினுக்குக் குறிப்பு எழுதியாக வேண்டும். ஒக்தாவ் முதல் கோப்பைக்குள் மூக்கை முழுசாக நுழைத்து உறிஞ்சினார். ஒன்றுமே தெரியவில்லை. குழாய்த் தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

பழைய குறிப்பையே திருப்பிப் போட்டுவிடலாமா? முடியாது. அவர் வர்ணனைகள் ஊருக்கே மனப்பாடம். "இலையுதிர்காலத்துச் சோகம் இழையோடும் ஒயின்" என்று போன வருஷம் எழுதியிருந்தார். அதை வாங்கிய லியோன் நகரத்துக்காரர் ஒருவர், அந்தச் சோகத்தை மீனோடு சாப்பிடுவதா கோழியோடு சாப்பிடுவதா என்று கேட்டுக் கடிதமே போட்டார்.

மூக்கில்தான் சளி, மூளையில் இல்லை. ஒக்தாவுக்கு யோசனை வந்தது. வீட்டில் இன்னொரு மூக்கு சும்மாதானே இருக்கிறது! மூன்று கோப்பைகளையும் தட்டில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். லூசெட் அடுப்பில் எதையோ வதக்கிக்கொண்டிருந்தாள்.

"லூசெட், மத்தியானச் சாப்பாட்டுக்கு இதுல எது ஒத்துவரும்? சும்மா மோந்து பார்த்துச் சொல்லேன்."

அவள் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். "என்னையா கேக்கற? வானம் பொத்துக்கிட்டு ஊத்தப்போகுது."

"சாதாரண ஜனங்களுக்கு எப்படிப் படுதுன்னு தெரிஞ்சுக்கறேன்."

"சரிதான், ஜனம் மோந்து பார்க்குது, கொடு." வெள்ளை ஒயினை முகர்ந்தாள். "மழையில நனைஞ்ச நாய். கிழ நாய்."

ஒக்தாவ் அடுத்த அறைக்கு ஓடினார். 'வேட்டை முடிந்து, தூறலில் தனியே வீடு திரும்பும் ஒரு பிரபுவின் பெருமூச்சு' என்று எழுதினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"இது?"

"உங்கம்மாவோட துணி அலமாரி. உள்ள எங்கேயோ காஞ்ச ரோஜாப்பூ."

ஓட்டம். 'ஆளில்லாத கோட்டையில் ஒரு சீமாட்டி தன் கையுறையை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்.'

"இது கடைசி."

"பாதிரியாரோட ஈர பூட்ஸு. பக்கத்து வீட்டுல செர்ரி ஜாம் கிண்டறாங்க. ஆமா, இத்தனை தரம் எங்க ஓடற? வயித்துக்கு ஏதாவது பண்ணுதா?"

'நெடிய யாத்திரை, களைப்பு, முடிவில் மன்னிப்பு' என்று எழுதி முடித்து, கீழே ஒரு கோடும் இழுத்தார் ஒக்தாவ். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

பதினொரு மணிக்குப் பெரினோ வந்தார். தொப்பியைக் கழற்றாமலே குறிப்புகளைப் படித்தார். மூன்றாவது ஒயினை ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடினார்.

"மன்னிப்பு இருக்குய்யா ஒக்தாவ்! தொண்டையில இறங்கும்போது தெளிவா இருக்கு!"

ஒக்தாவ் அடக்கமாகத் தலை குனிந்தார். பெரினோ மறுபடி மூச்சை இழுத்தார். முகம் மாறியது.

"இது என்ன, பூண்டு வாசனை? உங்க வீட்டுல? இந்த வாரத்துல?"

ஒக்தாவுக்குக் குப்பென்று வியர்த்தது. லூசெட் வாணலியும் கையுமாக வாசற்படியில் வந்து நின்றாள்.

"நத்தைக் கறிக்கு வெண்ணெயில பூண்டு வதக்கறேன், முஸ்யே. காலையில எட்டு மணியிலேர்ந்து வதக்கறேன். ஐயா மூணு தரம் சமையக்கட்டுக்கு வந்தாரு. பூண்டைப் பத்தி வாயே திறக்கல. செவ்வாக்கிழமை தும்மும்போதே சந்தேகம். இன்னிக்கு ஊர்ஜிதம் பண்ணிக்கிட்டேன்."

"அப்ப இதையெல்லாம் மோந்து பார்த்தது யாரு?"

ஒக்தாவ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"நான்தான். முதல்ல இருக்கறது நனைஞ்ச நாய்," என்றாள் லூசெட்.

பெரினோ வெள்ளை ஒயினை முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார். "அட, நாயேதான்! மதாம், இத்தனை வருஷமா நான் இதுல பிரபுவையும் சீமாட்டியையும் தேடித் தேடி, என் மூக்குலதான் கோளாறுன்னு நெனச்சிட்டிருந்தேன். இந்த வருஷப் பட்டியலை நீங்களே எழுதுங்க. படிக்கிறவனுக்காவது புரியட்டும்."

"எழுதறேன். ஆனா காலையில காப்பியை மட்டும் விடமாட்டேன்," என்றாள் லூசெட். பத்தொன்பது வருஷமாக ஒயின் சுவைக்கும் வாரமெல்லாம் அவள் விட்ட காப்பி அது. ஒக்தாவுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் பெரினோ படியிறங்கும் வரை நீடித்தது.

அவர் போனதும் லூசெட் மண்வாரியை எடுத்து வந்து ஒக்தாவின் கையில் கொடுத்தாள்.

"என்ன இது?"

"முயல் கூண்டு. பட்டியல் எழுதறவ அந்தப் பக்கமெல்லாம் போகக் கூடாது. மூக்கு கெட்டுடும்."

"எனக்குச் சளி பிடிச்சிருக்கு, லூசெட்!"

"அதனாலதான் சொல்றேன். ஒரு நாத்தமும் தெரியாது. கொடுத்து வச்சவன்."

அதுவும் சரிதான் என்று ஒக்தாவ் மனசைத் தேற்றிக்கொண்டார். கொல்லைக்குப் போனார். கூண்டுக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, வைக்கோலை ஒரு கிளறு கிளறினார். தூசி பறந்தது.

அடுக்கடுக்காக மூன்று தும்மல். மூக்கு பளிச்சென்று திறந்துகொண்டது.