பேசலாம், பாடக் கூடாது

அன்புள்ள குண்டூசிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் இருக்கிறேன். கடிதம் என்றால் அடுத்து "நீ நலமா" என்று கேட்கவேண்டும். செத்துப்போன தங்கையிடம் அதை எப்படிக் கேட்பது என்று நாலாம் வகுப்புக்குள் ஒரு டீச்சரும் சொல்லித் தரவில்லை, அதற்கு மேல் நான் படிக்கவுமில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். காலை நடையை நான் நிறுத்திவிட்டேன். திட்டுவதற்கு முன்னால் முழுசாகக் கேள். ஆறு வருஷம் நீ இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தவள் நான்.

நீ போன பிறகு நாலு மாசம் வேலைக்குப் போக மட்டும்தான் வாசலைத் தாண்டினேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு தேய்க்கிற மெஷினுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறேனே, இதற்கு மேல் உடம்புக்கு என்ன வேலை என்று இருந்துவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து வருஷாந்திர ரத்தப் பரிசோதனை வந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னம்மா, போன வருஷம் நல்லா இருந்துச்சே?" "போன வருஷம் தங்கச்சி இருந்தா டாக்டர்" என்றேன். சலவைக்கூடத்திலேயே உன் ரத்தம்தான் முதல் மார்க், ஞாபகமிருக்கிறதா? எனக்குக் கொழுப்பு அதிகம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாயே. அப்பழுக்கில்லாத ரத்தத்தை வைத்துக்கொண்டு பத்தே நாள் காய்ச்சலில் நெஞ்சுச் சளி கட்டிப் போய்ச்சேர்ந்தாய். அந்த மார்க்கை வைத்து என்னத்தைக் கண்டாய்?

நின்றால் போதாதாம், தினம் அரைமணி மூச்சு வாங்க நடக்கணுமாம். நடக்கிற காலுதான் ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பை எடுத்து எரிக்குமாம். நல்ல கொழுப்பு என்று ஒன்று, நம்முடைய அழுக்குத்துணி வண்டி மாதிரி, வார்டு வார்டாகப் போய் மிச்சத்தை அள்ளி ஈரலுக்குக் கொண்டுவருமாம். கெட்டது, நம்ம பழைய வண்டிக்காரன் மாதிரி, போகிற வழியெல்லாம் மூட்டையைப் போட்டுவிட்டு வழியை அடைக்குமாம். "இப்படியே விட்டா குழாய் அடைச்சுக்கும். மூணு மாசம் நடங்க, பாப்போம்" என்றார். எவ்வளவு வேகம் என்று கேட்டேன். "நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதான் சரியான வேகம்."

நான் பேசிக்கொண்டு நடக்க ஆளுக்கு எங்கே போவேன்? உன்னோடு நடந்தபோது வேகத்தைச் சோதிக்கவே வேண்டியதில்லை. வாயும் ஓயாது, காலும் ஓயாது. சரி, பாடிப் பார்ப்போம் என்று பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு தாலாட்டை எடுத்துவிட்டேன். பாட வந்தது, அப்படியென்றால் வேகம் போதவில்லை. வேகத்தைக் கூட்டினேன், பாட்டு முக்கலும் முனகலுமாக வந்தது. வாட்ச்மேன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "உக்காருங்கம்மா, வீட்ல யாருக்குச் சொல்லணும்?" வேகம் சரியாக இருக்கிறது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது.

மறுநாள் முதல் உன்னோடே பேசுவது என்று முடிவு செய்தேன். முதல் தெரு தாண்டுவதற்குள் வயிற்றெரிச்சல் எல்லாம் வந்துவிட்டது. "ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போனே? உன்னை நம்பி வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! நில்லு, மூஞ்சியக் காட்டிட்டுப் போ!" எனக்கு முன்னால் ஒரு வழுக்கைத்தலைக்காரர் போய்க்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் எட்டி நடந்தார். என் வேகம் குறையக்கூடாதே என்று நானும் எட்டி நடந்தேன். ஓடினார். கடைசியில் மருந்துக்கடைப் படியில் சாய்ந்துகொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, சத்தியமா நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது." அவர் மனைவி கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "அப்புறம் ஏன் ஓடுறீங்க?" என்று கேட்டாள். அந்தக் குடும்பத்தில் அதற்கப்புறம் என்ன ஆனதோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

என் மகள் தலையில் அடித்துக்கொண்டு ஒரு பழைய இயர்போனைக் கொடுத்தாள். "காதுல மாட்டிக்கோம்மா, ஃபோன் பேசுறேன்னு நினைச்சுக்குவாங்க." நன்றாகத்தான் போயிற்று. போன வாரம் ரொட்டிக்கடைக்காரி என் பக்கத்தில் வந்து, "அக்கா, வயர் ஃபோன்ல மாட்டாம வெளிய தொங்குது. யார்கூட பேசுறீங்க?" என்றாள்.

"தங்கச்சிகூட."

"என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறா."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அன்றிலிருந்து வேறு தெருவில் போனேன்.

நேற்று பன்னிரண்டு மணி நேரம் பட்டினி கிடந்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். ட்ரைகிளிசரைடு இருநூற்று அறுபதிலிருந்து நூற்று எண்பது. நல்லது நாலு ஏறியிருக்கிறது. கெட்டது நூற்று அறுபத்தெட்டாக இருந்தது, இத்தனை பாடுபட்டும் நூற்று அறுபதில் நிற்கிறது, நம்ம சூப்பர்வைசர் மாதிரி அசையவில்லை. "நடையில கெட்டது கொஞ்சம்தான் இறங்கும், அதுக்கு மாத்திரை தர்றேன். நடையை மட்டும் விட்றாதீங்க, நிறுத்தினா இந்த முன்னேற்றமெல்லாம் பழையபடி போயிடும்" என்றார் டாக்டரம்மா. மாத்திரைதான் வருகிறதே, பிறகு எதற்கு நடை? எனக்குக் கால் வலிக்கவில்லை குண்டூசி. தினம் அரைமணி நேரம் நான் மட்டுமே பேசிப் பேசி வாய்தான் ஓய்ந்துவிட்டது. அதனால்தான் நிறுத்திவிட்டேன். இன்றைக்குப் போகவில்லை. இனிமேலும் போகமாட்டேன்.

அம்மாவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். அங்கேயும் எல்லாரையும் நடக்கக் கூப்பிட்டு உயிரை வாங்காதே; அங்கே யாரிடமும் அது மிச்சமிருக்காது. காற்றுப் படாமல் காதை மூடிக்கொண்டு தூங்கு. எந்தக் குறையும் உன்னை அண்டாதிருக்கட்டும்.

உன் மூத்தவள்

பின்குறிப்பு: மேலே இருப்பது காலையில் எழுதியது, இப்போது சாயங்காலம். ரொட்டிக்கடைக்காரி விலாசம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். "எனக்கும் டாக்டர் பேசிக்கிட்டு நடக்கச் சொல்லியிருக்காங்க அக்கா. பேச ஆளில்ல, வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு நடக்குறேன். பதினேழாம் வாய்ப்பாட்டுல முட்டிக்கிட்டு நிக்குது. வர்றீங்களா?" என்றாள். சும்மா தெருமுனை வரைக்கும் என்றுதான் கிளம்பினேன், டிப்போவை ரெண்டு சுற்று சுற்றிவிட்டோம். நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சின்ன வயசிலிருந்து உன்னைச் சுவரோரம் விட்டுவிட்டு வண்டி வருகிற பக்கம் நான்தானே நடப்பேன். இன்றைக்கு அவள் கேட்காமலே சுவரோரம் வந்து நடந்தாள். நானும் பழக்கத்தில் வண்டிப் பக்கமே நடந்தேன். நாளைக்கும் அவளை அங்கேயே நடக்க விடட்டுமா?