பஞ்சருக்கு வந்த பஞ்சாயத்து

“ஏங்கண்ணு, ஊட்ல ஏதாச்சும் பிரச்சனையா?”

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஈஸ்வரி அக்கா. கேட்ட இடம், பல்லடம் தாண்டி குண்டடம் போகும் பக்கத்தில் ஒரு வாய்க்கால் மேடு. கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் கணக்கில் முதுகலை படித்தவள். ‘ஆமாம்’, ‘இல்லை’ என்ற இரண்டே விடைகள் உள்ள கேள்வியில் ஒரு வருடமாகத் திணறுகிறேன் என்று என் பேராசிரியருக்குத் தெரிந்தால் பட்டத்தைத் திருப்பிக் கேட்பார்.

எங்கள் வீடு திருப்பூர் மண்ணரையில் இருக்கிறது. கீழே என் கணவரின் பவர்டேபிள் யூனிட். கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை அங்கே தைத்துக் கொடுப்பார்கள். மேலே நாங்கள். மெஷின்கள் ஓடும்போது எங்கள் தரை லேசாக அதிரும்; டம்ளரில் இருக்கும் தண்ணீர்கூடச் சும்மா இருக்காது. கீழே அத்தனை பேர் தமிழிலும் இந்தியிலும் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மேலே நான் மூன்று வயது கவினோடு இருப்பேன். ஒரு நாளில் நான் பேசும் மிக நீளமான வாக்கியம், “இந்த ஒரு வாய் மட்டும் வாங்கிக்கோ, காக்கா பாக்குது பார்” என்பதாகத்தான் இருக்கும். (காக்காயும் பெரும்பாலும் பார்க்காது.)

கவின் பிறப்பதற்கு முன்பு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு மெயில் அனுப்பும் முன் ஏழெட்டு முறை படித்துப் பார்ப்பேன். வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இப்போது மெயிலுக்குப் பதில் கேஸ் சிலிண்டர். மூடினேனா, மூடினேன், ஆனால் சரியாக மூடினேனா?

இப்படிப்பட்ட ஒருத்தி ஏன் சைக்கிள் ஏறினாள் என்று கேட்பீர்கள். தொப்பையைக் குறைப்பதற்காக என் கணவர் கியர் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினார். அதற்குப் பிறகு அது பால்கனியில் நின்றது. கவினின் ஈரத்துணிகளை அதன்மேல்தான் காயப்போடுவேன். ஒரு நாள் போனில் ஞாயிறு சைக்கிள் குழு ஒன்றின் அறிவிப்பு வந்தது. ‘யார் வேண்டுமானாலும் வரலாம். யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம்.’ முதல் வரியை ஒரு முறைதான் படித்தேன். இரண்டாவது வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

துணிகளை எடுத்துவிட்டுத் தெருவுக்குள்ளேயே சில வாரம் ஓட்டிப் பழகினேன். பிறகு ஒரு சனிக்கிழமை மாலை, முறைப்படி வீட்டில் தகவல் சொன்னேன். கணவரிடம், “மாமா, நாளைக்கு விடியறதுக்கு முன்ன சைக்கிள்ல போறேனுங்க. பல்லடம் தாண்டி வாய்க்கால் மேடு வரைக்கும். மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்” என்றேன். அவர் போனைப் பார்த்தபடி “ம்” என்றார். அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், விவரமாகச் சொல்லத் தைரியம் இல்லை. “ஒரு ரவுண்டு போயிட்டு வந்தறனுங்க அத்தை” என்றேன். பல்லடம் தாண்டிப் போய் வருவதும் ஒரு ரவுண்டுதானே. (மனசாட்சிக்கு அப்போது அது போதுமாக இருந்தது.)

இனி என் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பைதான் காரணம். வியர்த்து நனைந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு செட் சுடிதார் வைத்தேன். வழியில் மயங்கி விழுந்தால் நான் யாரென்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமே என்று ஆதார் கார்டு வைத்தேன். தனியாகப் போகிற பெண்ணின் கழுத்தில் நகை இருக்கலாமா? செயினையும் வளையலையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டேன். தாலி மஞ்சள் கயிற்றில் துப்பட்டாவுக்குள் பத்திரமாக இருந்தது. முகம் துடைக்கக் கவினின் பழைய பனியன் ஒன்று. வீட்டில் துண்டுக்கா பஞ்சம், திருப்பூரில் துணிக்கா பஞ்சம்? ஆனாலும் அதைத்தான் எடுத்தேன்.

விடியும் முன்பு கிளம்பினோம். குழுவில் பெரும்பாலும் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள். ஊருக்கெல்லாம் தொளதொளவென்று டி-ஷர்ட் தைத்து அனுப்புகிறவர்கள், தாங்கள் மட்டும் மூச்சுவிட முடியாத இறுக்கத்தில் உடுத்தியிருந்தார்கள். நான் சுடிதாரும், முகத்தைச் சுற்றிய துப்பட்டாவும், அதன்மேல் கணவரின் பெரிய ஹெல்மெட்டுமாக, பூசணிக்காயைத் திருஷ்டிக்குக் கட்டியதுபோல் இருந்தேன். கடைசியாக வருபவரோடு கூடவே வருவதற்கு ஒருவரை நியமித்திருந்தார்கள். கடைசி ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நான் மூச்சு வாங்க நின்றேன். கவின் பால் குடித்தானா என்று அத்தைக்குப் போன் போட்டுக் கேட்க நின்றேன். முழுவதும் குடித்தானா என்று கேட்க மறுபடி நின்றேன். பல்லடம் தாண்டி வாய்க்கால் மேட்டில் ஏறியதும் என் துணைக்கு வந்தவருக்கு ஒரு போன் வந்தது. சாயத்துக்குப் போட்ட துணி வேறு கலரில் வந்துவிட்டதாம். முகம் வெளிறிப்போயிற்று. “மேடம், இந்த வாய்க்கால் மேட்டையே புடிச்சு நேராப் போங்க. டிபன் கடையில எல்லாரும் இருப்பாங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சாயம் மாறினால் திருப்பூரில் கல்யாண மாப்பிள்ளையே தாலி கட்டிய கையோடு எழுந்து போய்விடுவார்.

அதற்குப் பிறகு நான் மட்டும்தான். ஒரு பக்கம் வாய்க்கால் தண்ணீர், மறுபக்கம் முருங்கைத் தோட்டம், தூரத்தில் காற்றாலைகள். காலடியில் எதுவும் அதிரவில்லை. யாரும் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. இதைத்தானே இத்தனை நாளாகக் கேட்டோம் என்று சந்தோஷப்படப் போனேன். அதற்குள், யாருமே கூப்பிடவில்லையே என்று தோன்றியது. எடுத்துப் பார்த்தால் போனில் சார்ஜ் இல்லை. கொஞ்ச தூரத்தில் பின்சக்கரத்தில் வேலாமுள் ஏறியது.

ஒரு மதகின் மேல் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. முள்ளுக்காக இல்லை என்று அப்போதே தெரிந்தது. எதற்காக என்றுதான் தெரியவில்லை. சத்தம் போட்டு அழுதேன். வீட்டில் அழுவதென்றால் கீழே மெஷின் ஓடும் நேரமாகப் பார்த்து அழ வேண்டும். இங்கே அந்தத் தொந்தரவு இல்லை.

அப்போதுதான் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுக் காலி கேனோடு ஸ்கூட்டியில் ஈஸ்வரி அக்கா வந்தார். வண்டியை நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் “பஞ்சருங்க” என்றேன். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

“பஞ்சருக்கு யாராச்சும் இப்பிடி அழுவாங்களா கண்ணு?” என்றார். எனக்கு மறுபடி அழுகை வந்தது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

அவர்கள் வீடு வாய்க்காலை ஒட்டிய தோட்டத்திலேயே இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவரோடு போனேன். கட்டிலில் உட்கார வைத்தார். முகம் கழுவித் துடைக்க, “பையில துண்டு வெச்சிருக்கறயா கண்ணு?” என்று கேட்டு என் பையைத் திறந்தார். சுடிதார் வந்தது. ஆதார் கார்டு வந்தது. கைக்குட்டை முடிச்சை எடுத்தார், உள்ளே நகை. கடைசியில் கவினின் பனியன் வந்தது. அதைப் பார்த்ததும் ஈஸ்வரி அக்காவின் கண் கலங்கிவிட்டது. “இத்தன சின்னப் பையன உட்டுப்போட்டா கெளம்பி வந்த?” என்றார். வரிசையாகக் கட்டிலில் இருந்த அந்தச் சாமான்களைப் பார்த்தேன். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

அவர் கணவர் சுப்பிரமணி, கோழிப்பண்ணை வைத்திருப்பவர். கோவித்துக்கொண்டு வந்த பெண்களைச் சமாதானம் பேசி அனுப்புவதில் அந்த வட்டாரத்திலேயே அனுபவசாலி என்று அக்கா சொன்னார். எந்த ஊர், அப்பா பெயர் என்ன என்று சுப்பிரமணி என்னிடம் கேட்டார். எங்கள் பக்கத்தில் அந்த இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னால், மூன்றாவதாக உறவு வந்துவிடும். நான் அவருக்கு ஒன்றுவிட்ட ஏதோ ஒரு முறையில் தங்கையாகிவிட்டேன். பஞ்சர்தான், ஒரு போன் மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என் கணவரின் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, நம்பாத சிரிப்போடு களத்துக்கு நடந்தபடி பேசினார். “உங்க சம்சாரம் நம்மூட்ல பத்திரமா இருக்குதுங்க. கோவமா வந்துட்டாப்ல இருக்குது. பெரியவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க, பேசிக்கலாம்.”

யூனிட்டின் டெம்போ வந்து நின்றது. பின்னால் ஏற்றியிருந்த துணிப் பண்டல்களை இறக்கக்கூட நேரமில்லாமல் வந்திருந்தார்கள். என் கணவர் டி-ஷர்ட்டைத் திருப்பிப் போட்டிருந்தார். அத்தை கவினை இடுப்பில் வைத்திருந்தார். கவின் என்னைப் பார்த்துவிட்டு, பிறகு அங்கே கட்டியிருந்த கன்றுக்குட்டியைப் பார்த்து, அதனிடம் போனான்.

நான் எழுந்து உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சுப்பிரமணி அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். “நீ இரு கண்ணு. மொதல்ல மாப்ள பேசட்டும்.”

என் கணவர் தரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார்.

“தப்பு எம்மேலதானுங்க. அவ என்ன சொன்னாலும் போனப் பாத்துட்டே ‘ம்’முன்னு சொல்லீர்றனுங்க. ஒரு நாள் ‘ஊடு தீப்புடிச்சுருச்சு’ன்னா. அதுக்கும் ‘ம்’முன்னேன். கீழ எறங்கி யூனிட்டுக்குள்ள போனப்பறந்தான் உறைச்சுது. திரும்பி மேல வந்து கேக்கலாம்னு படி வரைக்கும் வந்தனுங்க. என்னன்னு கேக்கறதுன்னு தெரியல.”

அதைச் சொன்னது நான்தான். அவர் கேட்கிறாரா என்று பார்ப்பதற்காகச் சொன்னேன். கேட்கவில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். படி வரைக்கும் வந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அத்தையும் விடவில்லை. “நாங்கூட அன்னிக்குச் சப்புன்னு இருக்குதுன்னு சொன்னேன். சாம்பாரத்தானுங்க சொன்னேன், அவளச் சொல்லல. காத்தால போன் போட்டுப் போட்டுப் பையன் பால் குடிச்சானான்னு கேட்டா. அப்பவே எனக்குச் சந்தேகந்தான்” என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ‘வெறும் பஞ்சர்’ என்று இரண்டே வார்த்தை. சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பேசட்டுமே என்று இருந்தது. என் கணவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். “உனக்கு என்னதான் வேணும், சொல்லு” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லத் தொடங்கியிருப்பேன்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. டிபன் முடித்துத் திரும்பிய குழுவினர், தொழுவத்தின் தூணில் சாய்ந்திருந்த என் சைக்கிளைப் பார்த்து உள்ளே வந்துவிட்டார்கள். இறுக்கமான பளபள உடையில் வரிசையாக நுழைந்தவர்களைக் கண்டு கோழிகள் சிதறி ஓடின. அவர்களின் தலைவர் குனிந்து சக்கரத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, “பஞ்சருங்களா மேடம்? சொல்லியிருந்தா உடனே வந்திருப்போமுங்களே” என்றார். அங்கேயே உட்கார்ந்து ட்யூபைக் கழற்றி ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

எல்லோரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். பிறகு என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நாஞ் சொன்னதெல்லாம் கேன்சலுங்களா?” என்று சுப்பிரமணி அண்ணனைக் கேட்டார். அத்தை சாம்பார் பற்றிய வாக்குமூலத்தை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டார். நானும் சிரித்தேன். ஈஸ்வரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் சாமான்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். பனியனை மடித்துக் கடைசியில் வைத்தார்.

டெம்போவின் பின்னால், பண்டல்கள்மேல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். முன்னால் மூவரும் சிரிப்பது வழியெல்லாம் கேட்டது.

இப்போது எங்கள் வீட்டில் நான் கொத்தமல்லித்தழை வாங்கக் கிளம்பினாலும், “துணிமணி எடுத்துக்கிட்டயா? ஆதார் கார்டு?” என்று அத்தை கேட்பார். விசேஷ வீடுகளில் என்னைப் ‘பஞ்சர் புள்ள’ என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். கணவர் ஒரு வாரம் நான் பேசும்போது போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு ‘ம்’ மெல்லத் திரும்பி வந்துவிட்டது. அப்போதெல்லாம் நான் “பஞ்சர்” என்பேன். தலையைத் தூக்கிச் சிரிப்பார். சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார். ஒரு விஷயம் சிரிப்பாகிவிட்டால் அதைத் திரும்ப எடுத்து நேராக வைத்துப் பேசுவது எப்படி என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் அந்தக் குழுவோடு போகிறேன். இப்போது நான் கடைசி ஆள் இல்லை. கடைசிக்கு முந்தைய ஆள். வாய்க்கால் மேட்டில் சில நாள் ஈஸ்வரி அக்கா பால் கேனோடு எதிரே வருவார். ஊரே பஞ்சரை நம்பிவிட்டது, அவர் மட்டும் இன்னும் நம்பவில்லை. “எல்லாஞ் சரியாயிருச்சாங்கண்ணு?” என்று கேட்பார். நான் மணியை அடித்து, “காத்து நல்லா இருக்குதுங்கக்கா” என்று கத்திக்கொண்டே கடந்துவிடுவேன்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். ஏறி மிதித்த வேகத்தை நடுவில் விடக் கூடாது என்று குழுவில் சொல்கிறார்கள். ஆனால் அடுத்த முறை அக்கா கேட்கும்போது நான் பிரேக்கைப் பிடிக்கலாமா? பிடித்து இறங்கினால், அந்த மதகில் உட்கார்ந்து முதல் வாக்கியமாக எதைச் சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். பஞ்சர் ஒட்டும் விதத்தை மட்டும் எழுத வேண்டாம். அது எனக்கு இப்போது தெரியும்.