முருகன்மேல் சத்தியமாக ஓ.டி.பி. சொல்ல மாட்டேன்

இலவசம் என்று எழுதியிருந்தால் போதும், என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். கண் பரிசோதனையா, மோர்ப் பந்தலா, இலவசப் பல் டாக்டரா, எதையும் விட்டதில்லை. எனக்குச் சர்க்கரை வியாதி இல்லை என்பதை மட்டும் இதுவரை ஏழெட்டு முகாம்களில் உறுதி செய்திருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு இலவச முகாமில் என் வீட்டுச் சமாச்சாரம் முழுவதும் ஒரு ஹால் நிறைய ஜனங்களுக்கு முன்னால் வெளியே வந்துவிட்டது. அது வருமான வரி முகாம்.

(உனக்கு எதற்கு ஐயா வருமான வரி என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன்.)

எட்டாவது வரை படித்தவன் நான். நவி மும்பையில், ஐரோலியில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் ஏ.சி. மெஷின் பார்க்கிற வேலை. அந்தக் கண்ணாடிக் கட்டடம் முழுவதையும் குளிரவைத்துவிட்டு, தாராவிக்கு வந்து வேர்த்துக்கொண்டு படுப்பேன். நிரந்தர வேலை இல்லை, கான்ட்ராக்ட். அதனால் கூலியைக் கொடுக்கும்போதே வரி என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். "உன் வருமானத்துக்கு வரியே கிடையாது. கணக்கைத் தாக்கல் செய்தால் பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பார்கள்" என்று கூட வேலை பார்க்கும் மராட்டிக்காரர் சொன்னார். சர்க்கார் வாங்கினதைத் திருப்பித் தருமா என்று நான் சிரித்தேன். வருடா வருடம் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

அந்த வருடம் சிரிக்க முடியவில்லை. என் மனைவி பேச்சியம்மாள் வீட்டில் இல்லை.

மகளைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும். ஆனால் எங்கள் தாய்வீடு தாராவியில் ஒரே ஒரு கோலி (ஒற்றை அறைக்கு இங்கே அதுதான் பெயர்). ஏறுவதற்கு இரும்பு ஏணி. நிறைமாதக்காரி எங்கே ஏறுவாள்? அதனால் தாய்வீடே கிளம்பி மகளிடம் போகட்டும் என்று பேச்சி மூட்டை கட்டினாள்.

தாதர் ஸ்டேஷனில் நாகர்கோவில் வண்டி. அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் சந்துப் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம், துபாயில் இருக்கிற மகன் குரலில் எவனோ போனில் பேசி, ஓ.டி.பி. எண்ணை வாங்கி, பாங்கில் இருந்ததை எல்லாம் துடைத்திருந்தான். அந்தப் பயம் எனக்கு. பக்கத்து ஜன்னல்களில் புருஷன்மார்கள் பெண்டாட்டிகளிடம் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் சட்டைப் பையிலிருந்து திருச்செந்தூர் முருகன் படத்தை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினேன்.

"இது மேல சத்தியம் பண்ணு. யாரு கேட்டாலும் ஓ.டி.பி. சொல்ல மாட்டேன்னு."

"நீங்க கேட்டா?"

"நான் கேட்டாலும் சொல்லாத. என் குரல்லயே பேசுவானுவ. என் நம்பர்லயே வரும்."

அவள் படத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சத்தியம் செய்தாள். அப்புறம் என் முகத்தையே பார்த்தாள்.

"வேற ஒண்ணும் சொல்லதுக்கு இல்லையா?"

நான் நன்றாக யோசித்தேன். "தண்ணி பாட்டில இறுக்கி மூடி வை" என்றேன். வண்டி நகர்ந்துவிட்டது.

மூன்று மாதத்தில் வருவதாகப் பேச்சு. பேத்தி எடை குறைவாகப் பிறந்தாள். பிள்ளை தேறட்டும் என்று பேச்சி அங்கேயே தங்கினாள். நாங்கள் தினமும் சாயங்காலம் போனில் பேசுவோம். பேசுவது என்றால், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், கேஸ் வந்துச்சா, வந்துச்சு. அதற்குள் பிள்ளை அழும், வைத்துவிடுவாள். நான் கையில் போனை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விளக்கு ஏற்றுவேன். முருகனிடம்கூட எனக்கு நீளமாகப் பேச வராது. 'பாத்துக்கோ' என்பேன். அவ்வளவுதான்.

கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் நடந்துவரும் ஒரே போர் ஃபேன் போர். எனக்கு ஐந்தில் சுற்ற வேண்டும், அவளுக்கு மூன்றில். நான் கூட்ட, அவள் குறைக்க, ரெகுலேட்டரே இரண்டு தடவை கழன்று கையோடு வந்திருக்கிறது. "இனிமே உமக்கு என்ன, அஞ்சுல வச்சு ராஜா மாதிரி படுக்கலாம்" என்று கடை அண்ணாச்சி கேலி செய்தார். ஆமாம் என்று சிரித்துவைத்தேன்.

போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. டிக்கெட் செலவு வேறு. அப்போதுதான் அந்த மராட்டிக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. பிடித்த வரி திரும்பினால் கோவில்பட்டி போய்விடலாம்.

ஸ்டேஷன் பக்கத்தில் 'இன்கம் டாக்ஸ், பான் கார்டு, கல்யாண ஃபோட்டோ' என்று போர்டு வைத்திருந்த ஒருவரிடம் போனேன். வருவதில் பாதி தனக்கு என்றார். பாதித் தூரம் போய் இறங்கினால் பேச்சி தெரியமாட்டாளே! முருகா நீயே வழி காட்டு என்று மாட்டுங்கா கோயிலுக்குப் போனேன். செருப்பு விடுகிற இடத்துக்கு மேலேயே நோட்டீஸ் ஒட்டியிருந்தது: வருமான வரித் தாக்கலுக்கு இலவச உதவி, ஞாயிற்றுக்கிழமை, பின்பக்க ஹாலில். கடைசித் தேதிக்கு முந்தின ஞாயிறு அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் முருகன் எனக்குப் பதில் போட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. நான் ஹால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். (வேறு யாரும் கழற்றவில்லை என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.) எனக்கு முன்னால் தேவ்நாரில் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கும் காதர் பாய். அவர் வேலை முடிந்து எழுந்ததும் நான் உட்கார்ந்தேன். எதிரே கம்ப்யூட்டரோடு விசாலம் மேடம், பாங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வாங்கோ. காகிதமெல்லாம் கொண்டுவந்திருக்கேளா?"

கொண்டுவந்திருந்தேன். காலையில் முருகன் முன்னால் வைத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, சூடம் காட்டி எடுத்து வந்திருந்தேன். மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன இது, கல்யாணப் பத்திரிகையா?"

"நல்ல காரியம்லா மேடம்."

"நல்ல காரியந்தான். பான் நம்பர் மேலேயேவா மஞ்சளை அப்பறது? இது எட்டா, மூணா?"

கைக்குட்டையில் தண்ணீர் தொட்டு என் வரிக் கணக்கை அந்த அம்மாள் துடைத்துத் துடைத்துப் படித்தார். விரலெல்லாம் மஞ்சள். ஆனாலும் கோபப்படாமல் எல்லாவற்றையும் தட்டி முடித்து, "பிடிச்சது பூரா திரும்பி வரும்" என்றார். எனக்குக் கோவில்பட்டி பிளாட்பாரமே கண்ணில் தெரிந்தது.

"இப்போ உங்க ஆதார் போனுக்கு ஓ.டி.பி. போயிருக்கு. சொல்லுங்கோ."

என் போன் ஊமையாக இருந்தது. ஆதார் எடுத்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒரே போன்தான். அந்த நம்பர் இப்போது பேச்சியிடம், கோவில்பட்டியில்.

"அதுக்கென்ன, கூப்பிட்டுக் கேளுங்கோ. சீக்கிரம், கொஞ்ச நேரந்தான் அது செல்லும்."

மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மேடமே ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"ஏட்டி பேச்சி, உன் போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும். சட்டுனு சொல்லு."

பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "யாரு பேசுதது?"

"நாந்தாம்ட்டி."

"நாந்தான்னா?"

"உன் புருசன் ஆறுமுகம்!"

"திருட்டுப் பயலுவ எல்லாம் அப்படித்தான் சொல்லுவானுவ."

ஹாலில் சிரிப்பு கிளம்பியது. மேடம் போனை என் கையிலிருந்து வாங்கினார். "அம்மா, பயப்படாதேங்கோ. நான் விசாலம். பாங்க் ஆபீசரா இருந்தவ."

"பாங்க்ல இருந்துன்னுதான் தாயி எல்லாக் களவாணியும் பேசுதான்."

மேடம் போனை என்னிடமே கொடுத்துவிட்டார்.

"பேச்சி, நாந்தாம்மா. வேணும்னா ஏதாச்சும் கேட்டுப் பாரு."

"அப்படியா? ரயில்ல ஏறும்போது என்ட்ட என்ன சொன்னிய?"

"ஓ.டி.பி. சொல்லாதன்னேன்."

"அப்புறம்?"

"தண்ணி பாட்டில மூடி வைன்னேன்."

"சரியாச் சொல்லிட்டியளே! அப்ப நீங்கதான். நீங்க கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னுதான சத்தியம்? சொல்ல மாட்டேன்."

சிரிப்பில் டியூப்லைட் அதிர்ந்தது. வேலை முடிந்த காதர் பாய்கூடக் கிளம்பாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பேச்சியின் குரல் இறங்கியது. "அன்னைக்கு இன்னொண்ணும் கேட்டேன். வேற ஒண்ணும் சொல்லதுக்கு இல்லையான்னு. அதுக்குப் பதில் சொல்லுங்க, தாரேன். எங்க வீட்டுக்காரரா இருந்தா சொல்ல மாட்டாரு. ஆனாலும் கேக்கேன்."

நான் ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். எத்தனை ஜோடிக் கண்கள்! காதர் பாய் முழங்கையால் இடித்தார். "சொல்லிருங்க அண்ணாச்சி. பின்னால லைன் நிக்கி."

"பேச்சி..." என்றேன். "ஃபேன மூணுலதான் வைக்கேன்."

"என்னது?"

"நீ போன நாள்ல இருந்து. அஞ்சுல ஒரு நாளும் வைக்கல. வேர்க்கத்தான் செய்யுது. ஆனா அஞ்சுல வச்சா நீ வீட்ல இல்லங்கது தெரிஞ்சு போவுது."

யாரும் சிரிக்கவில்லை. போனுக்குள் என் பேத்தி ஏதோ 'ங்கா' என்றாள்.

"இத அன்னைக்கே சொன்னா என்னவாம்?" என்றாள் பேச்சி. மூக்கை உறிஞ்சுவது ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது.

"அன்னைக்கு எனக்கே தெரியாதுட்டி."

"சரி. ஆனா முருகன்மேல சத்தியம் பண்ணிருக்கேன். உங்ககிட்டச் சொல்ல மாட்டேன். முருகன்கிட்டச் சொல்லுதேன். உங்க காதுல விழுந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல." பிறகு கும்பிடுகிற குரலில், "முருகா, ஆறு... முருகா, ரெண்டு..." என்று ஒவ்வொரு எண்ணாக ஒப்புவித்தாள். மேடம் பக்தியோடு தட்டினார். தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"காலாவதி ஆயிடுத்து."

இன்னொரு ஓ.டி.பி. போயிற்று. "பேச்சி, மறுபடியும் ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு."

"இப்பப் பேசுதது நீங்கதான்னு நான் எப்படி நம்புதது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹால் முழுவதும், விசாலம் மேடம் உட்பட, ஒரே குரலில் கத்தியது: "ஃபேன் மூணு!"

அன்று தாராவி வரைக்கும் மழையில் நடந்தே வந்தேன். வீட்டு ஏணியில் கால் வைத்தபோதுதான் செருப்பை ஹால் வாசலிலேயே விட்டு வந்தது தெரிந்தது.

பணம் திரும்பி வந்தது. டிக்கெட் எடுத்தேன். கோவில்பட்டி பிளாட்பாரத்தில் பேச்சி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. "ஓ.டி.பி. சொல்லுங்க" என்றாள். "மூணு" என்றேன். அதற்கப்புறம்தான் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். இன்றைக்கு எங்கள் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும், பந்தியில் என்னைக் கண்டதும் எவனாவது ஒருவன் ஃபேன் ரெகுலேட்டரைத் தேடிப் போய் மூன்றில் திருப்பிவிட்டுத்தான் உட்காருகிறான். பேத்திக்கு நான் ஓ.டி.பி. தாத்தா.

வருடா வருடம் விசாலம் மேடத்திடம்தான் கணக்குத் தாக்கல். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே ஈரத் துணியைக் கையில் எடுத்துக்கொள்வார்.

இப்போது மகளுக்கு இரண்டாவது பிரசவம். போன வாரம் மறுபடியும் தாதர், மறுபடியும் நாகர்கோவில் வண்டி, அதே ஜன்னல். "இந்தத் தடவையாச்சும் ஏதாவது சொல்லுவியளா?" என்றாள் பேச்சி. சொல்லத்தான் நினைத்தேன். தயார் செய்துகொண்டும் வந்திருந்தேன். வாயைத் திறக்கும்போது வண்டி ஊதிவிட்டது. கூடவே நடந்து, கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினேன். வளைவு திரும்புகிற வரைக்கும் ஜன்னல் கம்பிக்கு வெளியே அவள் கையும் மூன்று விரலோடு நீட்டியபடியே போனது.

இதை எழுதும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகத்தான் சுற்றுகிறது.