புள்ளியியல் ஆசிரியரின் தாழிட்ட அறை

இக்கதையைச் சென்ற ஆண்டு, விடைத்தாள் திருத்தும் கூடத்தில், இரண்டாம் நாள் தேநீர் இடைவேளையில், புள்ளியியல் ஆசிரியர் ஒருவர் தம் வாயாலேயே சொல்லக் கேட்டேன். உடன் கேட்டோர் எழுவர். சிரிப்பொலியில் அமிழ்ந்துபோன இரண்டு வாக்கியங்களை மறுநாள் அவரிடமே சரிபார்த்துக்கொண்டேன். அவர் கூற்று வருமாறு:

திங்கள் முதல் புதன் வரை நேரடி வகுப்பு. வியாழனும் வெள்ளியும் வீட்டிலிருந்தே இணையவழி வகுப்பு என்று பல்கலைக்கழகம் ஆணையிட்டது. நான் மகிழ்ந்தேன். என் மனைவி என்னைவிட மகிழ்ந்தாள்.

"ரெண்டு நாள் வீட்டுலயேவா? அப்போ பரண் சுத்தமாயிடும்!"

அக்கணமே சூளுரைத்தேன்: உயிரே போனாலும் பரண் ஏறேன்.

வழி எளிது. பாடத்தை முன்கூட்டியே பதிவுசெய்தேன். நடுநடுவே ஐந்து விநாடி மௌனம், பிறகு, "அருமையான கேள்வி! திங்கட்கிழமை நேரில் விரிவாகப் பார்ப்போம்." எந்தக் கேள்வியையும் நேரடி வகுப்புக்குத் தள்ளிவிடலாமே! மடிக்கணினி பாடம் நடத்தும். என் அறையின் கூடத்துப் பக்கக் கதவு உள்ளே தாழிட்டிருக்கும். நான் தோட்டத்துக் கதவு வழியே நழுவி, பக்கத்து வீட்டில் கேரம் ஆடுவேன்.

மூன்று வாரம் நான் சக்கரவர்த்தி. நான்காம் வெள்ளியன்று அவள் கதவைத் தட்டியிருக்கிறாள்.

"ஏங்க, கேஸ்காரர் வந்திருக்கார். சிலிண்டரை உள்ளே தூக்கி வைக்கிறீங்களா?"

உள்ளிருந்து என் குரல்: "அருமையான கேள்வி!"

இருபத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அவள் கேட்ட எதையும் நான் அருமை என்றதில்லை. பதறிவிட்டாள்.

"ஐயையோ, உடம்புக்கு என்னங்க பண்ணுது?"

"திங்கட்கிழமை நேரில் விரிவாகப் பார்ப்போம்."

தோட்டப் பக்கமாக ஓடியிருக்கிறாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. நாற்காலி காலி. மடிக்கணினி மட்டும் சராசரியை விளக்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கென்று, வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் துறைத்தலைவர் இணைவதாகச் சொல்லியிருந்தார். அவர் எழுதப்போகும் இரண்டு வரியில்தான் என் பணி நிரந்தரம் தொங்கிக்கொண்டிருந்தது. கணக்காக நேரம் பார்த்து ஓடிவந்தேன். தோட்டத்துக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது!

"அம்மாடி, கதவைத் திற!"

"யாரது?"

"நான்தான்டி!"

"போங்க சார். எங்க வீட்டுக்காரர் உள்ளே பாடம் நடத்திட்டிருக்கார்."

"தலைவர் வந்துடுவார்டி! என் பொழப்பே போயிடும்!"

"வந்துட்டாரே. வணக்கம் சார்! அவரா? இதோ, கூப்பிடுற தூரத்துலதான் இருக்கார் சார்." பிறகு கதவிடுக்கில் மெல்லிய குரல்: "பரண்?"

"ஏறுறேன்!"

"மின்விசிறி?"

"துடைக்கிறேன், எல்லாத்தையும் துடைக்கிறேன்!"

"எத்தனை வாரத்துக்கு?"

"நீ சொல்ற வரைக்கும்!"

"சரியா கேக்கலைங்க. சார் வேற காத்துட்டிருக்கார்."

"ஆயுசு முழுக்க!"

தாழ் விலகியது. நாற்காலியில் பாய்ந்து விழுந்தேன். திரையில் மாணவர் பெயர்கள் மட்டுமே இருந்தன.

"தலைவர் எங்கேடி?"

"இப்போதான் போனார். ரொம்ப திருப்தியாம்."

அடுத்த மாதம் என் பணி நிரந்தரமாயிற்று. பரணும் நிரந்தரமாயிற்று.

ஆசிரியர் கூற்று இங்கு முடிகிறது. அதே பல்கலைக்கழக நூலகர் சொல்லும் கதையில், அந்தக் கதவிடுக்குப் பேரம் முழுக்க மடிக்கணினியின் ஒலிவாங்கி அணைக்கப்படவே இல்லை. அந்த ஆயுட்கால வாக்குறுதியை அறுபது மாணவரும் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டனர். ஆசிரியரின் மனைவி சொல்வது இவ்விரண்டினின்றும் வேறு. துறைத்தலைவர் அன்று வகுப்புக்கு வரவே இல்லை; அடுத்த வெள்ளியன்றுதான் வந்தார்; அன்று கணவர் ஒழுங்காக நாற்காலியில் அமர்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

இம்மூன்றாவதையே நான் நம்பத்தக்கதாகக் கொள்கிறேன். எனினும் அதை அச்சிடச் சற்றுப் பொறுக்குமாறு அந்த அம்மையார் கேட்டுக்கொண்டார்:

"அடுத்த மாசம் வீட்டுக்கு அவர்தான் பெயின்ட் அடிக்கணும் சார்."