ஊ பீரங்கி படித்த சைகை மொழி

சைகை மொழியைத் தெருவுக்கே காது கிழியும்படி பேசிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெடிச் சத்தத்தில் தனக்குக் காது பாதி போனதால், ஊரில் எல்லோருக்கும் பாதிதான் கேட்கும் என்று முடிவு கட்டியிருந்தார். அவர் மாடியில் தும்மினால் கீழே மொஹிங்கா கடையில் சாப்பிடுகிறவர்கள் நூடுல்ஸ் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். தமிழர்கள் வைத்த 'பீரங்கி' என்ற பெயருக்கு முன்னால் பர்மாக்காரர்கள் மரியாதைக்கு ஒரு 'ஊ' சேர்க்க, அவர் 'ஊ பீரங்கி' ஆனார். இப்போது மாவ்பியில் மகளோடு இருக்கிறார். மாவ்பிக்காரர்கள் பாவம்.

ஓய்வு பெற்ற பட்டாளத்தாருக்கு அப்போது ஒரு சலுகை இருந்தது. ஏதாவது ஒரு பயிற்சிக்கு ஃபீஸ் இல்லாமல் போகலாம். ஆனால் ஒரே ஒரு தடவைதான். அவருடைய கூட்டாளிகள் டிரைவிங், வெல்டிங், ஃபோன் ரிப்பேர் என்று சேர்ந்தார்கள். அவர் மனைவி மேரியக்காவோ, "எங்க வீட்டுக்காரரு லைங் தாயா ஆலைக்கு ஆள் ஏத்துற ஃபெரி பஸ் ஓட்டப் போறாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் வேறு கவலை. என் மகள் செலினுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் ஹாஸ்டலில் இருந்தாள். அங்கே அவள் கைகள் ஓயாது. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. ஞாயிறு பகல் சாப்பாடு முடிந்ததுமே பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். பெற்ற பிள்ளைக்கு என் வீடு பிடிக்கவில்லை. பள்ளியில் பெரியவர்களுக்கும் சைகை வகுப்பு உண்டு. ஆனால் அது பகலில். லைங் தாயா ஆலை ஆபீசில் எனக்கு லீவு கேட்டால் வேலையே லீவாகிவிடும்.

பையோடு நின்ற பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரங்கி பார்த்துவிட்டார். மறுநாளே சலுகை ஆபீசுக்குப் போனார். "சைகை மொழியா? அது தொழிலே இல்லையே, ஊ" என்றாராம் அதிகாரி. "டிரைவிங் படிச்சா பஸ்ஸோட பேசலாம். இதைப் படிச்சா புள்ளையோட பேசலாம். எதுங்க பெரிசு?" என்று இவர் கேட்ட சத்தத்தில் சுவரிலிருந்த பல்லி விழுந்ததாம். ஆளை வெளியே அனுப்பினால் போதும் என்று அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

மேரியக்கா குமுறிவிட்டார். "கிடைச்சதே ஒண்ணு! அதைக் கையை ஆட்டுறதுக்கா கொண்டுபோய்க் குடுத்தீரு? பஸ் எங்கய்யா?"

"ரோட்டுல நிறையப் போவுது, ஏறிக்க!"

பகலில் படித்ததை மாலையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்தார் என்பது மரியாதைக்கு. நான், மேரியக்கா, மொஹிங்கா கடைக்காரர் மூவரையும் வரிசையில் நிறுத்தி, "அட்டென்ஷன்! தண்ணி! சோறு! தூக்கம்!" என்று கத்தக் கத்த, நாங்கள் கையை ஆட்டினோம்.

"மாமா, சைகைக்கு எதுக்கு இந்தச் சத்தம்?" என்றேன்.

"நான் சொல்றது எனக்குக் கேக்க வேணாமா?"

அதோடு விட்டாரா? வகுப்பில் மறந்துபோனதற்கெல்லாம் பட்டாளத்துக் கை சமிக்ஞைகளைப் போட்டு நிரப்பினார். எங்களுக்கு எது பள்ளி, எது பட்டாளம் என்று எப்படித் தெரியும்?

முதல் வாரம் முடிந்து சனிக்கிழமை செலின் வந்தாள். நாங்கள் அணிவகுத்து நின்றோம். சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் மாதா கோயில் ஃபாதர் வீடு சந்திக்க வந்தார். "ஃபாதர் வந்திருக்கார்" என்று பிள்ளைக்குச் சொல்லத்தான் பீரங்கி கையைத் தூக்கினார். வந்தது, 'எதிரி, படு!' பழகின உடம்பு, அவரே முதலில் தரையில் விழுந்தார். நாங்களும் தொபுக்கென்று விழுந்தோம். ஃபாதர் வலிப்பு என்று பதறி, கோயில் சாவிக்கொத்தைப் பீரங்கியின் கையில் திணித்தார்.

செலின் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, சத்தமாகச் சிரித்தாள். என் வீட்டில் அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு எங்கள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருத்த ஆரம்பித்தாள். பீரங்கிக்குத்தான் தப்பு அதிகம். தலையில் குட்டுகூட வாங்கினார்.

மறுநாள் பகல் சாப்பாடு முடிந்தது. பை பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. சாயங்காலம் கிளம்பும் நேரம் வந்தபோது செலின் என் முன்னால் வந்து நின்று, எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகக் கைகளை அசைத்தாள். அம்மா. நாளைக்குப் போகட்டுமா?

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பீரங்கி வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். "என்னம்மா! புள்ள என்ன சொன்னா?" என்று அவர் கேட்டது நிச்சயம் துறைமுகம் வரை போயிருக்கும்.

கையால்தான் நன்றி சொன்னேன். அதுவும் அவர் கற்றுக்கொடுத்ததுதான்.