பட்டுக்கூடு வண்டிக்கு மொழி தேடிய மாநாடு

முதலில் என் இடுப்பு. மல்பெரித் தழைக்கட்டு சுமந்து வளர்ந்த இடுப்பு, கூலிக்கு மண் வெட்டியபோதும் முனகாத இடுப்பு, நல்லம்பள்ளி டியூஷன் சென்டரின் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏழு மணி நேரம் உட்கார்ந்ததில் கழன்றுவிட்டது. மனிதகுலத்துக்கான மாபெரும் முடிவுகள் இடுப்பைத்தான் காவு கேட்கும்.

எங்களுடையது 'கூட்டுவண்டி' செயலி. பட்டுக்கூடு விவசாயிகள் தேதியைப் பதிந்தால், கூட்டை ஏற்றிச் சந்தைக்குப் போகும் வேனுக்குப் பட்டியல் போடும். பட்டியலில் இல்லாத ஊருக்கு வேன் போகாது; அது கொள்கை. இலவசம், மூலநிரல் பொதுச்சொத்து. ஒன்பது தன்னார்வலர்கள். சம்பளம் இல்லை, ஆகவே ஆளுக்கொரு பதவி. நான் 'ஒப்புதல் பொறுப்பாளர்': நிரலில் எவர் எதைத் திருத்தினாலும் நான் அமுக்கினால்தான் ஏறும்.

செயலி பிஎச்பி என்ற பழைய நிரல்மொழியில் எழுதப்பட்டது. ஓடிக்கொண்டும் இருந்தது. அதுதான் அவமானம். பெங்களூரில் மேனேஜராக இருக்கும் எங்கள் தலைவர் சென்றாயன், அதைப் புதிதாக எழுத ரஸ்ட் மொழியா, கோ மொழியா என்று பதினோரு மாதம் கூட்டம் நடத்தினார். முடிவாகும்வரை பழைய நிரலை யாரும் தொடக்கூடாதென்று தீர்மானமும் போட்டோம்.

மே ஆறாம் தேதி, இறுதிக் கூட்டத்தின் நடுவே போன். பென்னாகரம் பக்கத்து மாதம்மாள். ஸ்பீக்கரில் போட்டோம், 'மக்கள் பங்கேற்பு'.

"ஏனுங்க, இன்னிக்கு வண்டி கேட்டிருந்தேன். அடுத்த மாசம் அஞ்சாந்தேதின்னு காட்டுதுங்க."

"அம்மா, ரஸ்ட் மொழியோட மெமரி சேஃப்டி பத்தித்தான் பேசிட்டிருக்கோம்," என்றார் சென்றாயன்.

"சேஃப்டியாவே வரட்டுங்க, வந்தாப் போதும். நாளைக்கு உட்டா பூச்சி கூட்டைத் தொளைச்சிக்கிட்டு வந்துருங்க. ஓட்டைக் கூட்டை எவன் வாங்குவான்?"

"புது மொழியில இந்தத் தப்பே வராதுங்கம்மா."

"அதைப் பூச்சிகிட்டச் சொல்றீங்களா?"

எங்களில் நிரல் எழுதுகிற ஒரே ஆளான கனிமொழி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "நாளும் மாசமும் எடம் மாறிக் கெடக்குதுண்ணா. ஒரே வரி. திருத்திட்டேன், அமுக்குங்க."

"கூட்டம் முடியட்டும் கனி. தீர்மானம் இருக்குல்ல?" என்றேன் கண்ணியமாக.

"அதுக்குள்ள பூச்சி கல்யாணமே பண்ணிக்கும்ணா."

கனிமொழி ஓட்டுப் போடவில்லை. வேலை தெரிந்தவர்களுக்கு ஜனநாயகத்தில் ஆர்வம் குறைவு. ஐந்துக்கு மூன்று என்று ரஸ்ட் வென்றது. எங்களில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. பாரபட்சமற்ற தேர்வுக்கு வேறென்ன சான்று வேண்டும்? கைதட்டல், போண்டா, குரூப் போட்டோ.

மூன்றாம் நாள் மாதம்மாள் சாக்குகளோடு பஸ்ஸில் டியூஷன் சென்டருக்கே வந்து இறங்கினார். சந்தையில் ஏலத்துக்கே எடுக்கவில்லையாம். ஒரு சாக்கை என் மேசைமேல் கவிழ்த்தார். அத்தனையும் ஓட்டை. ஒரு பூச்சி தத்தித் தத்தி வந்து தீர்மானப் புத்தகத்தின்மேல் முட்டையிட்டது.

"போன்ல உங்க போட்டோ பாத்தனுங்க," என்றார். "எல்லாரும் சிரிச்ச மொகமா இருந்தீங்க."

செய்தி அறிக்கையில் மொழியைப் புகழ்ந்து இரண்டு பக்கம் எழுதியவன் நான். அமுக்க மறுத்த விரலும் என்னுடையதுதான். மாதம்மாளுக்கு நான் ஐம்பத்தெட்டு கிலோ பட்டுக்கூடு கடன். இன்னும் கொடுக்கவில்லை.