ஒரு மா நிலத்தின் முதலாளி

எழுபத்தஞ்சாம் வருஷம் ரிட்டையர் ஆன மறுநாள் காலையிலேயே அடைக்கலராஜ் வீட்டில் அவசரச் சட்டம் போட்டுவிட்டார். பேப்பர் நிறுத்தம். ரெண்டாம் காப்பி ரத்து. கறி மாசத்துக்கு ஒருக்கா.

"பென்ஷன் ஏறாது அக்னஸ், விலைவாசி இறங்காது. சர்க்கரை விக்கிற விலையப் பாத்தியா? மண்ணெண்ணெய்க்கு எம்மாந்தூரம் கியூ நிக்குது?"

"நானில்ல அதுல நிக்கிறேன்! நீங்க பேப்பர்லதானே பாத்தீங்க?"

"சிக்கனமா இருக்கணும்ங்கறேன்."

"சரிங்க."

அக்னஸ் இத்தனை சுருக்கமாகச் 'சரிங்க' சொன்னால் உஷாராக வேண்டும். முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியும் மனுஷனுக்கு அது உறைக்கவில்லை.

அவருடைய உள்திட்டமே வேறு. திருவாரூர் தாலுகா ஆபீசில் ஆயுசு பூரா அடுத்தவன் நிலத்தை எழுதியே கை தேய்ந்தவர். மிராசுதாரும் குத்தகைக்காரரும் முட்டிக்கொண்ட காலம். ரெண்டு தரப்பும் இவர் மேஜை முன்னால்தான் கத்தும். அவர்கள் போன பிறகு இவருக்கு நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்ளும். சண்டை போடவாவது நமக்கு ஒரு வரப்பு இல்லையே! பஸ்ஸில் போகும்போது நடவு வயலைக் கண்டால் எழுந்து நின்றுவிடுவார். சேற்றில் கால் புதைய, இது என்னுது என்று ஒரே ஒரு தடவை நின்றால் போதும், அப்புறம் செத்தாலும் சரிதான் என்று இருந்தது அவருக்கு. பெண்டாட்டியிடம் சொன்னால் நடக்குமா? கிழவனுக்கு மண்ணாசை என்று சிரிப்பாள்.

பணிக்கொடைப் பணம் கைக்கு வந்த நேரம், அக்னஸ் பிறந்த ஊரில் மிராசுதார் பெரியநாயகசாமி நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து நிலம் விற்பதாகச் சேதி வந்தது. ஒரு மா. ஏக்கரில் மூணில் ஒரு பங்கு.

"ஒரு அம்மா குத்தகைக்குப் பயிர் வைக்கிறாங்க. தங்கமான மனுஷி. செவ்வாக்கிழமை நடவு, நீங்களே வந்து பேசிக்கங்க" என்றார் பெரியநாயகசாமி, மீசைக்குள் சிரித்தபடி.

குத்தகைப் பதிவேட்டைப் பார்க்காமல் நிலம் வாங்குகிறவன் மடையன் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியவர் அடைக்கலராஜ். ஆனால் அந்த ஊர் மன்னார்குடி தாலுகா. அங்கே விசாரித்தால் சேதி மறுநாளே வீட்டுக்கு வந்துவிடும். பார்க்காமலே பத்திரம் முடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை அக்னஸ் வழக்கம்போல அண்ணன் இருக்கும் அதே ஊருக்கு, அந்தோணியார் நவநாளுக்குக் கிளம்பினாள். ஆறு வருஷத்தில் ஒரு வாரம் தவறாத பக்தி. அவள் கோயிலில் முழங்காலில் இருப்பாள், வயல் பக்கம் எங்கே வரப்போகிறாள் என்று இவர் அடுத்த பஸ் பிடித்தார்.

வயலில் நடவு மும்முரம். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வரப்பில் நின்று ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தது சாட்சாத் அக்னஸ்!

"மாதாவே! நீ இங்க என்ன பண்றே?"

"என் குத்தகை நிலத்துல நடவு. நீங்க?"

"குத்தகையா? எப்பலேர்ந்து?"

"ஆறு வருஷமா. நம்ம வீட்டு அரிசி எங்க அண்ணன் குடுத்ததுன்னா நெனச்சீங்க? அவன் பச்சத்தண்ணி குடுக்க மாட்டான்."

"அப்ப நவநாளு?"

"போற வழியில ஒரு கும்பிடு."

"நான் வாங்கினது தெரியுமா?"

"உங்களுக்குத்தான் விக்கணும்னு மிராசுகிட்ட சொன்னதே நான்தான். பஸ்ல நீங்க எந்திரிச்சி நிக்கிறப்பல்லாம் பக்கத்துல உக்காந்திருந்தவ எனக்குத் தெரியாதா உங்க ஆசை?"

அடைக்கலராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சுதாரித்துக்கொண்டார். "சரி, குத்தகைய விட்டுடு. இனி நானே பயிர் வைக்கிறேன்."

"அதெப்படிங்க? பதிவேட்டுல என் பேரு இருக்கு. குத்தகைக்காரங்களை வெளியேத்த முடியாதுன்னு நீங்கதானே எல்லாருக்கும் சட்டம் சொல்லுவீங்க? நூத்துக்கு நாப்பது உங்க பங்கு. அறுப்புக்கு வந்து அளந்துக்கங்க. அதுவரைக்கும் வரப்போட நில்லுங்க."

"ஒரே ஒரு தடவ இறங்கிக்கிறேனே, அக்னஸ்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வயலைப் பார்த்தாள்.

"நாத்துக்கட்டுத் தூக்க ஒரு ஆள் கொறையுது. கூலிக்குன்னா இறங்குங்க."

நிலத்துக்குச் சொந்தக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூலி எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் சேற்றில் இறங்கினார்.